ஆமை கரையேறும் இரவு

உங்களுக்கு ஆமையைத் தெரியும். கிணற்றில் பார்த்திருப்பீர்கள். ஏரிக்கரையில் பார்த்திருப்பீர்கள். முயலும் ஆமையும் ஓடிய கதையைக் கேட்டிருப்பீர்கள்.

இது அந்த ஆமை இல்லை. இது கடல் ஆமை.

கிணற்று ஆமையைத் தொட்டால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். கடல் ஆமையால் அப்படிச் செய்ய முடியாது. அதன் கால்கள் துடுப்பு மாதிரி இருக்கும். நீந்துவதற்கு நல்ல கால்கள். நடப்பதற்கு உதவாத கால்கள். பிறந்த அன்று கடலுக்குள் போகும் ஆண் ஆமை, பிறகு கரைக்கு வருவதே இல்லை. பெண் ஆமை மட்டும் வரும். முட்டையிட வரும். அதுவும் பெரும்பாலும் இரவில் வரும்.

நம் நாட்டுக் கடலில் ஐந்து வகைக் கடல் ஆமைகள் உண்டு. அதில் ஒரு வகையைப் பற்றித்தான் இந்தப் பாடம். நம் மீனவர்கள் அதைப் பங்குனி ஆமை என்பார்கள். பங்குனி வாக்கில் கரையேறுவதால் அந்தப் பெயர். படித்தவர்கள் ஆலிவ் ரிட்லி என்பார்கள். ஓடு இரண்டு அடிக்குச் சற்று மேல் நீளம் இருக்கும். எடை 35 கிலோவிலிருந்து 50 கிலோ வரை இருக்கும். அதாவது ஒரு பெரிய அரிசி மூட்டை.

ஆயா கேட்ட கேள்வி

நான் எழுத்தறிவு மையத்தில் பாடம் சொல்லித் தருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எங்கள் ஊர் கடலூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பம்.

மையத்தில் படிப்பவர்களில் ஓர் ஆயா இருக்கிறார். வயது அறுபதுக்கு மேல். ஒரு நாளும் தவறாமல் வருவார். மீன் விற்றுவிட்டு, கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார். 2025 ஜனவரியில் ஒரு நாள் வந்தார். சிலேட்டை எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆயா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு என்ன கண்ணு. எம் பையன் வலை போச்சு" என்றார்.

மகன் ஃபைபர் படகில் போயிருக்கிறார். வலையில் ஓர் ஆமை சிக்கியிருக்கிறது. உயிரோடு இருந்திருக்கிறது. வலையைச் சுற்றிக்கொண்டு திமிறியிருக்கிறது. மகன் கத்தியை எடுத்து வலையை அறுத்துவிட்டார். ஆமை போய்விட்டது. வலை கிழிந்துபோனது. அந்தப் புது வலை கடன் வாங்கி வாங்கியது.

அந்த மாதம் சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள கரைகளிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. டிவியில் காட்டினார்கள். எல்லோரும் ஆமைக்காகப் பேசினார்கள்.

"ஆமையைக் காப்பாத்தணும்னு சொல்றாங்க. சரி, காப்பாத்துறோம். எங்க வலையை யாரு காப்பாத்துவாங்க?" என்று ஆயா கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி, அன்றைய பாடத்தை எழுத ஆரம்பித்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒடிசாவுக்குப் பயணம்

என் அத்தான் ராணுவத்தில் இருக்கிறார். ஒடிசா மாநிலம் கோபால்பூரில் வேலை. அக்காவும் அங்கே இருக்கிறாள். பிப்ரவரி மாதம் அக்கா போன் செய்தாள்.

"ஆமை வந்திருக்காம்டி. லட்சக்கணக்குல வந்திருக்காம். அம்மாவைக் கூட்டிக்கிட்டு உடனே கிளம்பி வா. ஒரு வாரம்தான் இருக்குமாம்."

லட்சம் என்று சொன்னதை நான் நம்பவில்லை. அக்கா எப்போதும் கூட்டித்தான் சொல்வாள். ஆனாலும் கிளம்பினோம். காலையில் சென்னையில் கோரமண்டல் விரைவு ரயிலில் ஏறினோம். முன்பதிவு இல்லாத பெட்டி. ஆந்திரா முழுவதையும் ஒரே பகலில் தாண்டினோம். நள்ளிரவு நெருங்கும் நேரம் பிரம்மபூரில் இறங்கினோம். அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது.

அங்கே ருசிகுல்யா என்று ஓர் ஆறு இருக்கிறது. கஞ்சம் என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தை ஒட்டிய மணல் கரைக்குத்தான் ஆமைகள் வருகின்றன. பிரம்மபூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்.

ஒடிசாவில் இப்படி ஆமைகள் கூட்டமாக வரும் இடங்கள் மூன்று. கஹிர்மாதா, தேவி ஆற்று முகத்துவாரம், ருசிகுல்யா. உலகம் முழுவதும் தேடினாலும் இப்படிப்பட்ட கரைகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மெக்சிகோவிலும் கோஸ்டாரிகாவிலும் உண்டு. ருசிகுல்யா கரையில் ஆமைகள் கூட்டமாக வருவதை ஆராய்ச்சியாளர்கள் 1994இல் கண்டுபிடித்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். கரையிலேயே குடியிருக்கும் மீனவர்களுக்கு அது முன்பே தெரியாமலா இருந்திருக்கும்? அவர்கள் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இருட்டில் நடந்தோம்

பிப்ரவரி 20ஆம் தேதி இரவு. அக்கா, அத்தான், அக்காவின் ஆறு வயது மகன், அம்மா, நான். எங்களோடு வேறு ஏழெட்டுப் பேர். அதில் ஒரு பெண் மகாராஷ்டிராவிலிருந்து வந்த கல்லூரி மாணவி.

எங்களை அழைத்துப்போனவர் அந்த ஊர் மீனவர். வயது நாற்பது இருக்கும். அந்தக் கரையில் மீனவர் பலரின் வீட்டுமொழி தெலுங்கு. நோலியா மக்கள் என்பார்கள். இவர் சென்னைக் காசிமேட்டில் நான்கு வருடம் விசைப்படகில் வேலை செய்தவர். தமிழ் கொஞ்சம் வரும். நான் "அண்ணா" என்றேன். அவர் "தங்கச்சி" என்றார்.

கரைக்குப் போகும் முன் எங்களை நிறுத்தினார். ஒவ்வொன்றாகச் சொன்னார். டார்ச் அடிக்கக் கூடாது. போனை அணைத்துவிட வேண்டும். படம் எடுக்கக் கூடாது. சத்தம் கூடாது. பீடி, சிகரெட் கூடாது. ஆமையின் முன்னால் போகக் கூடாது. தொடவே கூடாது. அவர் கையில் மட்டும் ஒரு சின்ன டார்ச் இருந்தது. அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாள் கட்டியிருந்தார். சிவப்பு வெளிச்சம் ஆமையை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாதாம்.

"கால் பார்த்து வைங்க. மணலுக்குக் கீழே எல்லாம் முட்டை" என்றார்.

பெரிய கூட்டம் ஏறும் பகுதிக்குள் நாங்கள் போகவில்லை. வனத்துறை அங்கே எல்லை போட்டிருந்தது. நாங்கள் அந்த எல்லைக்கு வெளியே, ஒருவர் பின் ஒருவராக நடந்தோம்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. இருட்டு. அலைச் சத்தம். பிறகு கண் பழகியது. அலை விட்டுப்போன ஈர மணலில் கறுப்பாகக் கல் கல்லாகத் தெரிந்தது. "இங்கே பாறை இருக்கா?" என்று அம்மா என் காதில் கேட்டாள். அப்போது ஒரு பாறை நகர்ந்தது.

எல்லாம் ஆமைகள். ஒரு அலை வரும். பத்து ஆமையை விட்டுவிட்டுப் போகும். அடுத்த அலை வரும். இன்னும் பத்து. ஏறுகிற ஆமை ஒரு பக்கம். முட்டையிட்டுவிட்டு இறங்குகிற ஆமை ஒரு பக்கம். ஒன்றின் மேல் ஒன்று ஏறிப்போகிறது. ஓடும் ஓடும் இடிக்கும்போது தேங்காய்களை ஒன்றோடு ஒன்று தட்டுவது மாதிரி சத்தம் கேட்டது. திருவிழாக் கூட்டம்தான். ஆனால் யாரும் பேசவில்லை.

அந்த முறை சுமார் பத்து நாளில் ருசிகுல்யாவில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேல் ஆமைகள் முட்டையிட்டதாக வனத்துறை கணக்குச் சொன்னது. அக்கா கூட்டிச் சொல்லவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2024இல், இதே கரைக்குக் கூட்டமாக வரவே இல்லை. ஏன் வரவில்லை? வெள்ளத்தில் மணல் அடித்துப் போயிருக்கலாம், காற்று மாறியிருக்கலாம் என்று வழிகாட்டி அண்ணன் சொன்னார். "அது இஷ்டம். நாம பத்திரிகை வெச்சுக் கூப்பிட முடியாது" என்றார்.

தாய் ஆமை

எல்லைக்கு வெளியே ஓர் ஆமை தனியாக ஏறி வந்தது. அண்ணன் கையைக் காட்டி எங்களை உட்கார வைத்தார். ஆமை பெருமூச்சு விட்டது. மனிதர் மூச்சு மாதிரியே இருந்தது. நான்கு தப்படி இழுத்து இழுத்து வரும். நிற்கும். மூச்சு விடும். மறுபடி நகரும்.

அலை ஏறாத உயரத்துக்கு வந்ததும் நின்றது. முன்கால்களால் மேல் மணலை வாரித் தள்ளியது. பிறகு பின்கால்களால் குழி தோண்டியது. பின்காலை அது பார்க்க முடியாது. பார்க்காமலே தோண்டியது. ஒரு காலை உள்ளே விட்டு, கையில் அள்ளுவது மாதிரி மண்ணை அள்ளி, வெளியே வைத்தது. பிறகு அடுத்த கால். குழி ஒன்றரை அடி ஆழம் இருக்கும். வாய் குறுகலாகவும் அடி அகலமாகவும் பானை மாதிரி இருக்கும் என்று அண்ணன் சொன்னார்.

குழி தோண்டும்வரை ஆமைக்குப் பயம் அதிகம். சின்ன வெளிச்சம் பட்டாலும் திரும்பிவிடும். முட்டை விழ ஆரம்பித்த பிறகு அவ்வளவு எளிதில் போகாது. அதனால் அதுவரை காத்திருந்தோம். பிறகு அண்ணன் எங்களைப் பின்பக்கமாக அழைத்துப் போனார். சிவப்பு டார்ச்சைக் குழிக்குள் காட்டினார்.

முட்டை உருண்டை. வெள்ளை. மேசைப் பந்து அளவு. கோழி முட்டை மாதிரி கெட்டி ஓடு கிடையாது. தோல் மாதிரி இருக்கும். அதனால் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தாலும் உடையவில்லை. இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக விழுந்தன. ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் கூட இருக்கும்.

அம்மா மெதுவாக, "ஐயோ, அழுவுது பாரு" என்றாள். ஆமையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மணல் ஒட்டியிருந்தது.

அது வலியால் வரும் கண்ணீர் இல்லை. ஆமை கடலிலேயே வாழ்கிறது. உப்புத் தண்ணீர் உடம்புக்குள் போகிறது. அந்த உப்பை வெளியே தள்ள, கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் வரும் நீர்தான் அது. கடலுக்குள்ளும் வரும். நம் கண்ணுக்குத் தெரியாது. அத்தான் இதை அம்மாவுக்கு விளக்கினார். அம்மா தலையை ஆட்டிக் கேட்டாள். பிறகு, "மூணு பெத்தவளுக்குத் தெரியாதா" என்றாள். நான் குறுக்கே பேசவில்லை.

முட்டையிட்டு முடித்ததும் ஆமை மணலைத் தள்ளி மூடியது. பிறகு ஒரு வேலை செய்தது. உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி மணலை அடித்தது. நாம் தரையைத் திமிசு போட்டு இறுக்குவோமே, அப்படி. தொப் தொப் என்று சத்தம். பங்குனி ஆமைக்கு இது ஒரு பழக்கம். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குப் போனது. குஞ்சை அது பார்க்கப் போவதே இல்லை.

நான் செய்த தவறு

திரும்பும்போது அக்கா மகன் பள்ளத்தில் கால் தவறி விழுந்தான். "சித்தி!" என்று கத்தினான். நான் பதறிவிட்டேன். கை தானாகப் பைக்குள் போனது. போனை எடுத்தேன். விளக்கைப் போட்டேன். அதை அணைத்து வைத்திருக்க வேண்டும். நான் அணைக்கவில்லை. நேரம் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன்.

பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விளக்கு வெளிச்சம் கடற்பக்கம் போய் விழுந்தது. அங்கே ஓர் ஆமை ஏறி வந்துகொண்டிருந்தது. பாதி தூரம் வந்துவிட்டது. வெளிச்சம் பட்டதும் நின்றது. அப்படியே திரும்பியது. இழுத்து இழுத்து ஏறி வந்த அத்தனை தூரத்தையும் மறுபடி இழுத்து இழுத்துப் போனது. அலை வந்து மூடிக்கொண்டது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கி அணைத்தார். மணலில் அதன் தடம் தெரிந்தது. ஏறிய தடம் ஒன்று. இறங்கிய தடம் ஒன்று. நடுவில் குழி இல்லை.

"மறுபடி வருமா அண்ணா?" என்று கேட்டேன்.

"வரும் தங்கச்சி. இன்னிக்கே வரும், இல்ல நாளைக்கு வரும். வயித்துல முட்டை இருக்குல்ல" என்றார். கொஞ்சம் நடந்த பிறகு, "ஒரு ஆள் விளக்கு அடிச்சா ஒரு ஆமை திரும்பும். கரை முழுக்க விளக்கு இருந்தா?" என்றார்.

அங்கே நெடுஞ்சாலை பக்கத்தில் இருக்கிறது. இறால் குஞ்சுப் பண்ணைகள் இருக்கின்றன. ஊர் விளக்குகள் இருக்கின்றன. தாய் ஆமையைவிடக் குஞ்சுகளுக்குத்தான் இதனால் ஆபத்து அதிகம்.

குஞ்சுகள்

முட்டையை அடைகாப்பது யார்? மணல்தான். வெயிலில் சூடாகும் மணல். 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் குஞ்சு பொரிக்கும். இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. முட்டை இடும்போது அது ஆணா பெண்ணா என்பது முடிவாகியிருக்காது. மணல் சூடு அதிகமாக இருந்தால் குஞ்சு பெண். சூடு குறைவாக இருந்தால் ஆண். பூமி வருடா வருடம் சூடாகிக்கொண்டே போகிறது. எல்லாம் பெண்ணாகவே பிறந்துவிட்டால் என்ன செய்வது? ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தக் கவலை இருக்கிறது.

குஞ்சுகள் இரவில்தான் மணலைவிட்டு வெளியே வரும். உள்ளங்கையில் நாலைந்து வைக்கலாம். கடல் எந்தப் பக்கம் என்று யார் சொல்லித் தருவார்கள்? தாய் இல்லை. குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துப் போகும். இரவில் நிலத்தைவிடக் கடற்பக்கம்தான் வெளிச்சமாக இருக்கும். காலம் காலமாக அப்படித்தான். இப்போது நிலத்துப் பக்கம் மின்விளக்கு எரிகிறது. குஞ்சு ஏமாந்து அந்தப் பக்கம் போகிறது. சாலையில் நசுங்குகிறது. நாயும் நரியும் தின்கின்றன. விடிந்தால் காகம் கொத்துகிறது.

அதனால் அந்த ஊர் மக்கள் ஒரு வேலை செய்கிறார்கள். குஞ்சு பொரிக்கும் நாட்களில் கரை நெடுக நிலத்துப் பக்கமாகத் தடுப்பு வலை கட்டுகிறார்கள். வழி தவறி வரும் குஞ்சுகள் வலை ஓரமாக நிற்கும். அவற்றைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக் கடல் ஓரத்தில் விடுகிறார்கள். ஊர் இளைஞர்களே ஆமைப் பாதுகாப்புக்குக் குழு வைத்திருக்கிறார்கள். வழிகாட்டி அண்ணனும் ராத்தூக்கம் விட்டு இந்த வேலை செய்கிறவர்.

குஞ்சுகள் கடலுக்குப் போனாலும் எல்லாம் பிழைப்பதில்லை. பெரிய மீன்கள் தின்றுவிடும். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து பெரிய ஆமை ஆகும் என்பது பொதுவான மதிப்பீடு. இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு தாய் ஆமை ஒரு வருடத்தில் 100 முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1,000 முட்டை இட எத்தனை வருடம் ஆகும்? பத்து வருடம். பத்து வருட முட்டையிலிருந்து ஒரே ஓர் ஆமை. வலையில் ஒரு தாய் ஆமை செத்தால் என்ன நட்டம் என்று இப்போது தெரிகிறதா?

மீனும் ஆமையும் மனிதரும்

வெளியே வந்து ஒரு கடையில் டீ குடித்தோம். அங்கேதான் ஆயாவின் கேள்வியை அண்ணனிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "எங்க ஊர்லயும் அதே கேள்விதான்" என்றார்.

ஒரு காலத்தில் இந்த ஆமைகளுக்கு எந்தக் காவலும் கிடையாது. கஹிர்மாதாப் பக்கம் 1970களின் நடுப்பகுதி வரை உரிமம் கொடுத்தே முட்டை எடுக்கவிட்டார்கள். படகு படகாக முட்டை போனது. ஆமைகளைப் பிடித்துக் கறிக்காகக் கல்கத்தாவுக்கு ரயிலில் அனுப்பினார்கள். பிறகு சட்டப் பாதுகாப்பு வந்தது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இந்த ஆமைக்கும் உண்டு. கொன்றாலோ முட்டையை எடுத்து விற்றாலோ 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. 1997இல் கஹிர்மாதா கடல் பகுதி சரணாலயம் ஆனது.

இப்போது முட்டைத் திருட்டு குறைந்துவிட்டது. ஆமை இன்று அதிகம் சாவது வலையில். ஆமைக்கு மீன் மாதிரி செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல்தான். அடிக்கடி மேலே வந்து மூச்சு விட வேண்டும். இழுவை மடி மணிக்கணக்காகத் தண்ணீருக்கு அடியில் இழுபடும். உள்ளே மாட்டிய ஆமை திமிறும். திமிறினால் மூச்சு சீக்கிரம் தீரும். கடலில் வாழும் உயிர் கடலிலேயே மூழ்கிச் சாகிறது.

ஒடிசாவில் நவம்பர் 1 முதல் மே 31 வரை தாமிரா, தேவி, ருசிகுல்யா முகத்துவாரங்களில் கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை இழுவைப் படகுகள் மீன் பிடிக்கத் தடை. ஏழு மாதம்! இழுவை மடியில் மாட்ட ஒரு கருவியும் இருக்கிறது. சாய்வாக ஒரு கம்பிச் சட்டம். மீன் கம்பி இடைவெளியில் நுழைந்து மடிக்குப் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, மேலே இருக்கும் வாசல் வழியாக வெளியேறிவிடும். நல்ல கருவிதான். ஆனால் வாசல் வழியாக மீனும் கொஞ்சம் போகிறது என்று படகுக்காரர்கள் மாட்டத் தயங்குகிறார்கள்.

"தடை சரிதான் தங்கச்சி. ஆனா ஏழு மாசம் வீட்டுல அடுப்பு எரியணும். அரசாங்கம் ஒரு தொகை குடுக்குது. அது பத்தாது. நான் காசிமேட்டுக்கு ஏன் வந்தேன்? இதுக்குத்தான் வந்தேன்" என்றார் அண்ணன். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இரவெல்லாம் ஆமையைக் காக்கிறவரும் அவர்தான். ஆமைக்காக வேலை இழந்தவரும் அவர்தான்.

அப்போது அந்த மகாராஷ்டிரா மாணவி பேச ஆரம்பித்தார். இந்தியில் பேசினார். அத்தான் தமிழில் சொன்னார்.

ஒடிசாவில் 2021இல் ஓர் ஆமைக்குத் துடுப்பில் எண் போட்ட வில்லை மாட்டி விட்டார்கள். 2025 ஜனவரியில் அதே ஆமை மகாராஷ்டிராவில் குகாகர் கரையில் முட்டையிட்டது. எண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். கிழக்குக் கடலில் இருந்த ஆமை மேற்குக் கடலுக்குப் போயிருக்கிறது. சுமார் 3,500 கிலோமீட்டர். "அப்ப நம்ம கரையைத் தாண்டித்தானே போயிருக்கும்?" என்று அம்மா கேட்டாள்.

பிறகு அந்த மாணவி இன்னொன்று சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு ஆயாவின் முகம் நினைவுக்கு வந்தது. மகாராஷ்டிராவில் 2018 டிசம்பரில் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள். ஆமை மாதிரிப் பாதுகாக்கப்பட்ட கடல் உயிர் வலையில் சிக்கினால் மீனவர் வலையை அறுத்து அதை விட்டுவிடலாம். விட்டதைப் படம் எடுத்து விண்ணப்பம் கொடுத்தால் வலைக்கு நட்ட ஈடு உண்டு. 25,000 ரூபாய் வரை.

அத்தானை இரண்டு தடவை கேட்டேன். "சரியாத்தானே சொல்றீங்க அத்தான்? வலைக்கா? வலைக்குப் பணமா?" அத்தான் மறுபடி கேட்டுச் சொன்னார். வலைக்குத்தான். டீக்கடைக்காரரிடம் ஒரு தாள் வாங்கி, ஆண்டையும் தொகையையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

மையத்துக்குத் திரும்பினேன்

ஊருக்கு வந்த மறுநாள் மையத்தில் எல்லாக் கதையும் சொன்னேன். ஆமை திரும்பிப் போன கதையையும் சொன்னேன். மறைக்கவில்லை. இரண்டு பேர் சென்னைக்குப் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும். சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் குழு ஒன்று இரவு முழுவதும் நடந்து, ஆமை முட்டைகளை எடுத்துக் காப்பிடத்தில் வைக்கிறது. ஜனவரிக்குப் பிறகு சில இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். ஆனால் அங்கே கூட்டம் கூட்டமாக வராது. ஓர் இரவில் ஒன்றைப் பார்த்தாலே பெரிது.

ஆயா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. டீக்கடைத் தாளைக் கையில் வாங்கினார். விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். "இ... ரு... ப... த்தி... ஐ... யா... யி... ரம்." நிமிர்ந்து பார்த்தார்.

"இது அந்த ஊருக்கு. நமக்கு?"

"மீன்வளத்துறை ஆபீஸ்ல கேக்கணும் ஆயா. மனு எழுதிக் குடுத்துக் கேக்கலாம்."

"நீ எழுதித் தா கண்ணு. நான் கையெழுத்துப் போடுறேன்."

அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்து ஆறு மாதம் ஆகிறது. எழுதித் தர நான் பேனாவை எடுத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன். "நீங்க எழுதுங்க ஆயா. நான் பக்கத்துல இருக்கேன்."

என்னை முறைத்தார். "தப்பா எழுதுனா ஆபீசர் சிரிப்பாரு" என்றார். ஆனாலும் பேனாவை எடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் விளக்கை நகர்த்தி வைத்தார்.

"ஐயா" என்று எழுதினார். கீழே அடுத்த வரியைத் தொடங்கினார். "என் மகன் ஆமையை விட்டான். வளை போச்சு." எழுதிவிட்டு உரக்கப் படித்துப் பார்த்தார். "வளை" என்ற இடத்தில் நின்றார். கையில் இருந்த கண்ணாடி வளையலைப் பார்த்தார். பிறகு அவரே அதை அடித்துவிட்டு, பக்கத்தில் "வலை" என்று எழுதினார்.